அக்கரைக் கொட்டகை

சேசு மரி சூசை துணை

2 செப்டம்பர் 1929

அன்புள்ள தங்கை எலிசபெத்துக்கு அக்காள் மதலேனம்மாள் எழுதுவது. சர்வேசுரன் கிருபையால் நானும் உன் மகள் செசிலியும் சுகமாக இருக்கிறோம். உன் வீட்டுக்காரரின் இருமல் குறைந்ததா? போன கடிதத்தில் நீ தேதி போடவில்லை. தபால் முத்திரையைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

கவர்ன்மெண்டார் என்னை முனிசிபல் கவுன்சிலில் நியமித்து எட்டு மாதம் ஆகிறது. பன்னிரண்டு ஆண்களுக்கு நடுவில் நான் ஒருத்தி. முதல் நாள் எனக்கு மட்டும் கதவோரமாக நாற்காலி போட்டிருந்தார்கள். நானே அதை இழுத்துக்கொண்டு போய் மேஜையருகே போட்டு உட்கார்ந்தேன். இப்போது அஜெண்டாவை முழுக்கப் படித்துவிட்டு வருவது நான் ஒருத்திதான் என்று சேர்மன் சுந்தரமூர்த்தி முதலியாரே சொல்கிறார். தோல் வியாபாரி சர்தார் பாஷாவுக்கு மட்டும் ஒரு குறை. "அம்மா வந்ததுல இருந்து வெத்தல துப்பக்கூட எழுந்து வெளியே போக வேண்டியதா இருக்கு" என்கிறார்.

போன கூட்டத்தில் தெருவிளக்கு, குப்பை வண்டி, தோல் ஷாப்புகள் சுண்ணாம்புத் தண்ணீரைச் சாக்கடையில் விடுவது எல்லாம் பேசி முடித்தபின் என் தீர்மானம் வந்தது. வைசூரி கண்டவர்களைத் தனியே வைத்துப் பார்க்க ஒரு கொட்டகை வேண்டும் என்பதில் எல்லாருக்கும் சம்மதம். எங்கே கட்டுவது என்றதும், எல்லாருக்கும் அடுத்தவர் வார்டுதான் நல்ல இடமாகப் பட்டது. பாலாற்றுக்கு அக்கரையில் முனிசிபாலிட்டிக்கு ஒரு மேடு சும்மா கிடக்கிறது. காற்று நன்றாக வரும், பக்கத்தில் வீடு கிடையாது. அங்கே கட்டலாம் என்றேன். ஆற்றோரத்தில் தோட்டம் வைத்திருக்கிற கவுன்சிலர் அருணகிரி மட்டும் எழுந்து, பாலம் இல்லையே, ஆறு வந்தால் என்ன செய்வது என்று கேட்டார். நான் பழைய குறிப்புகளைப் பார்த்துவிட்டுத்தான் போயிருந்தேன். பதினொரு வருஷத்தில் இரண்டு தடவை தண்ணீர் வந்திருக்கிறது, இரண்டு தடவையும் இரண்டே நாள். மற்ற நாளெல்லாம் ஊரே மணலில் வண்டி ஓட்டுகிறது.

"ஆறு தூங்குதும்மா. செத்துப் போகல" என்றார் அவர்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஒன்பது பேர் என் பக்கம் கை தூக்கினார்கள்.

செசிலி இரவுச் சாப்பாட்டின்போது கவுன்சிலர் ஒவ்வொருவரையும் போலப் பேசிக் காட்டுகிறாள். கடைசியில் என்னையும் காட்டினாள். முனிசிபல் பள்ளிக்கூடத்து வாத்தியாரம்மா செய்கிற காரியமா என்று கண்டித்தேன்.

ஞானப்பூசையில் என்னை நினைத்துக்கொள்.
மதலேனம்மாள்

*

மாரிக்குப்பம்
11-9-29 (தேதி போட்டுவிட்டேன்)

அன்பான அக்காவுக்கு எலிசபெத்து எழுதிக்கொண்டது. இங்கே எல்லாரும் இருக்கிறோம். அவருக்கு இருமல் அப்படியேதான். சுரங்கத்துத் தூசு உள்ளே போனது போனதுதான் என்கிறார் டாக்டர். மேல்வேலைக்கு மாற்றிவிட்டார்கள், கூலி கம்மி, ஆனால் ஆள் வெளிச்சத்தில் இருக்கிறாரே, அது போதும்.

அக்கா, நல்ல சேதி. செசிலிக்குப் பையன் முடிவாகிவிட்டது. மின்சார ஸ்டேஷனில் வேலை. பெயர் இஞ்ஞாசி. நம்ம பக்கத்து ஜனம்தான், தாத்தா காலத்தில் இங்கே வந்தவர்கள். மூன்று ராஜாக்கள் திருநாள் கழிந்த அடுத்த திங்கள், ஜனவரி 13, கல்யாணம். கோவிலில் ஓலை வாசித்து அறிவிக்கச் சொல்லியாகிவிட்டது.

ஒன்பது வயசில் அவளை உன்னிடம் விட்டேன். எனக்கு அப்போது கையில் ஒன்று, வயிற்றில் ஒன்று. நீ படிக்க வைத்தாய், வாத்தியாரம்மா ஆக்கினாய். அதை நான் மறக்க மாட்டேன். ஆனால் கல்யாணத்துக்கு முந்தி மூன்று மாசமாவது என் பெண் என் வீட்டில் இருக்க வேண்டும் அக்கா. அவள் என்ன விரும்பிச் சாப்பிடுவாள் என்றுகூட எனக்குத் தெரியாது. அக்டோபர் லீவுக்கே அனுப்பிவிடு.

உன் கொட்டகையைப் பற்றி அவரிடம் படித்துக் காட்டினேன். "உங்க அக்கா ஆத்தையே அஜெண்டாவுல போட்டு அடக்கிட்டாங்களா?" என்று சிரித்தார். கோபித்துக்கொள்ளாதே.

உன் தங்கை
எலிசபெத்து

*

20 செப்டம்பர் 1929

அன்புள்ள எலிசபெத்துக்கு ஆசீர்வாதம். இங்கு இருவரும் சுகம்.

பையனைப் பற்றி அவன் பங்குச் சாமியாருக்கு எழுதி விசாரித்தேன். நல்ல பதில் வந்தது. எனக்குச் சம்மதம்.

ஆனால் அக்டோபரில் அனுப்ப இயலாது. நவம்பர் கடைசி வாரத்தில் பெண்கள் பள்ளிக்கூட இன்ஸ்பெக்ட்ரஸ் வருகிறார். மூன்றாம் வகுப்பும் நான்காம் வகுப்பும் செசிலியின் பொறுப்பு. பாதியில் விட்டுப்போவது நான் வளர்த்த பெண் செய்கிற காரியம் அல்ல. டிசம்பர் முதல் தேதி ரயிலேற்றுகிறேன். ஆறு வாரம் உனக்குப் போதும்.

கொட்டகை எழும்பிவிட்டது. கீற்றுக் கூரை, மண் சுவர், எட்டுக் கட்டில். ஒரு காவல்காரன், ஒரு சமையற்காரி. அதை நடத்துவதற்கான விதிகளை எழுதும் பொறுப்பும் எனக்கே வந்தது. வைசூரி என்று நிச்சயமானால்தான் அனுப்ப வேண்டும் என்று சேர்மன் எழுதச் சொன்னார். நிச்சயமாவதற்குள் தெருவே படுத்துவிடும். "சந்தேகம் தோன்றிய இருபத்துநாலு மணி நேரத்தில், எவர் வீடாயினும்" என்று நான் மாற்றினேன். எவர் வீடாயினும் என்ற இடத்தில் சர்தார் பாஷா தாடியைத் தடவிக்கொண்டார். அவர் வீட்டுப் பெண்கள் அன்னியர் கண்ணில் படாமல் கோஷாவில் இருப்பவர்கள்.

உன் கணவருக்குத் தூதுவளை கொடுத்துப் பார்.
மதலேனம்மாள்

*

5-10-29

அக்காவுக்கு வந்தனம். இங்கே மழை வருவதும் போவதுமாக இருக்கிறது.

ஜோலார்பேட்டையில் ரயில் மாறி வந்த ஒரு பெண் சொன்னாள், உங்கள் ஊரில் அம்மை பரவுகிறதாம், தோல் ஷாப் தெருவில் வீட்டுக்கு வீடு வேப்பிலையாம். நீ எழுதவே இல்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு நாள் முழுக்க இருக்கிறாள் எம் பொண்ணு. இன்ஸ்பெக்ட்ரஸ் வந்தால் என்ன, வராவிட்டால் என்ன அக்கா. கல்யாணப் பெண்ணுக்கு முகத்தில் ஒரு தழும்பு விழுந்தால் யார் பதில் சொல்வது? இந்தக் கடிதம் கண்டதும் அனுப்பு. ஸ்டேஷனுக்கு அவரே போய் நிற்கிறேன் என்கிறார், அந்த இருமலோடு.

கல்யாணப் புடவைக்குப் பச்சையா, அரக்கா என்று கேட்டுச் சொல்.

எலிசபெத்து

*

18 அக்டோபர் 1929

அன்புள்ள தங்கைக்கு. இறைவன் அருளால் நலமே.

கேள்விப்பட்டது உண்மைதான். பன்னிரண்டு வீடு. கொட்டகையில் ஏழு பேர் இருந்தார்கள், நால்வர் தேறித் திரும்பினார்கள். கொட்டகை இல்லாவிட்டால் நூறு வீடாகியிருக்கும் என்று ஹெல்த் ஆபீசர் எழுதியிருக்கிறார். ஆனாலும் மறைக்கிறவர்கள் மறைக்கிறார்கள். ஆத்தாள் வந்திருக்கிறாள், வெளியே அனுப்பினால் கோபிப்பாள் என்று ஒரு வீடு. பெண்பிள்ளையை அன்னியர் பார்க்கக் கூடாது என்று ஒரு வீடு. நானே தெருத்தெருவாகப் போய்ப் பேசுகிறேன். சட்டம் என்றால் எல்லாருக்கும் சட்டம் என்கிறேன்.

இந்த நிலையில் செசிலியை எப்படி அனுப்புவேன்? ஊரார் பிள்ளைகளை ஆற்றுக்கு அப்பால் அனுப்பிவிட்டுத் தன் வீட்டுப் பெண்ணை மட்டும் ரயிலேற்றிவிட்டாள் என்று ஒரு வாய் சொன்னாலும் நான் அந்த நாற்காலியில் உட்கார முடியாது. அவளுக்குச் சிறு வயதில் அம்மை குத்தியிருக்கிறது. பயப்படாதே. டிசம்பர் ஒன்று.

மதலேனம்மாள்

அம்மா, பெரியம்மா மிச்சம் விட்ட இடத்தில் நான் செசிலி எழுதுகிறேன். பச்சையும் வேண்டாம், அரக்கும் வேண்டாம், நீலம் எடு. சரிகை சின்னதாக இருக்கட்டும். பெரியம்மாவின் மேல் கோபப்படாதே. வெளியே சிப்பாய் மாதிரி நடக்கிறார்கள், வீட்டுக்குள் வந்ததும் நான் தலைவாரிக் கொண்டிருப்பதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். நான் போய்விட்டால் யாரை அதட்டுவார்கள், பாவம். அப்பாவை இருமாமல் இருக்கச் சொல். உனக்கு முத்தம்.

*

30-10-29

அக்கா,

சுகம் விசாரிக்க எனக்குப் பொறுமை இல்லை. நீ அனுப்ப வேண்டாம். அவருக்குச் சம்பளம் போட்டதும் நானே வந்து கூட்டிக்கொண்டு போகிறேன். நவம்பர் 20ஆம் தேதி காலை வண்டிக்கு வருவேன். சட்டம் பேசாதே. பெற்றவள் வந்து கேட்டால் கொடுக்க வேண்டியதுதான்.

நீலம் எடுத்துவிட்டேன் என்று அவளிடம் சொல்.

எலிசபெத்து

*

12 நவம்பர் 1929

அன்புள்ள எலிசபெத்துக்கு. நான் சுகம்.

செசிலிக்கு ஞாயிற்றுக்கிழமை முதல் சிறிது ஜுரம். டாக்டர் பார்த்தார். நல்ல காற்றோட்டமான இடத்தில் ஓய்வாக இருக்கிறாள். கவனிக்க ஆள் இருக்கிறது. நீ இப்போது புறப்பட்டு வரத் தேவையில்லை. வந்தாலும் சில நாளைக்குப் பார்க்க முடியாது. தேறியதும் தந்தி கொடுக்கிறேன்.

இரண்டு நாளாக இங்கு மூடாப்பாக இருக்கிறது. புதிய தெருவிளக்குக் கம்பங்கள் வந்து இறங்கிவிட்டன. தோல் ஷாப் சாக்கடைக்குத் தனி வாய்க்கால் வெட்டச் சம்மதித்துவிட்டார்கள்.

செபம் செய்.
மதலேனம்மாள்

*

17-11-29

அக்கா,

காற்றோட்டமான இடம் என்றால் எது? உன் வீட்டுக்கு என்ன, காற்று வராதா? உன் கடிதத்தைப் பத்து தடவை படித்துவிட்டேன். கம்பத்தைப் பற்றி எழுதியிருக்கிறாய், வாய்க்காலைப் பற்றி எழுதியிருக்கிறாய். எம் பொண்ணைப் பற்றி நாலு வரி.

நேற்று பட்டணத்து மெயிலில் வந்தவன் சொல்கிறான், பாலாறு இரு கரையும் தொட்டுப் போகிறதாம், ரயில் பாலத்தில் வண்டி ஊர்ந்துதான் வந்ததாம். அவளை எங்கே வைத்திருக்கிறாய்? கொட்டகையிலா? ஒரே ஒரு வார்த்தை எழுது. இல்லை என்று எழுது.

*

28 நவம்பர் 1929

எலிசபெத்து,

தந்தி கண்டு நீ வந்தாய். கல்லறையில் நின்றாய். என் வீட்டு வாசற்படி ஏறாமல், என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல், அன்று மாலை வண்டிக்கே திரும்பிவிட்டாய். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்காததால் எழுதுகிறேன். உனக்கு எல்லாம் தெரிய வேண்டும்.

நவம்பர் 10, ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. மறுநாள் விடிந்தபோது கழுத்திலும் கையிலும் கொப்புளம். டாக்டர் வந்து பார்த்தார். சின்னம்மையாகவும் இருக்கலாம், வைசூரியாகவும் இருக்கலாம், இரண்டு நாள் பொறுத்தால் தெரிந்துவிடும் என்றார். இரண்டு நாள் பொறுக்க விதியில் இடமில்லை. அந்த விதி என் கையெழுத்து.

வண்டிக்குச் சொல்லியனுப்பிய பிறகு சர்தார் பாஷா வந்தார். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார். "அம்மா, என் வீட்டு மாடியிலயும் ஒண்ணு படுத்திருக்கு. என் மருமக. இதச் சொல்றதுக்கு எனக்கு வெக்கமாத்தான் இருக்கு. நீங்களும் கதவச் சாத்திக்குங்க. ஒருத்தனும் கேக்க மாட்டான்" என்றார். தீர்மானம் கொண்டுவந்தவள் நான் என்று அவருக்குப் பதில் சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார்.

திங்கள் பகல் வண்டி போயிற்று. மணல் காய்ந்துதான் இருந்தது.

வியாழன் காலையில் காவல்காரனும் சமையற்காரியும் அரிசி வாங்க இக்கரைக்கு வந்தார்கள். அவர்கள் திரும்புவதற்குள் மேற்கே பெய்த மழை ஆற்றில் இறங்கிவிட்டது. கொட்டகையில் அப்போது இரண்டே பேர். செசிலியும், தோல் ஷாப்பில் ரோமம் வழிக்கிற செல்லம்மாளும். முதல் இரவே காற்றில் கூரை போயிற்று. குடிதண்ணீர்ப் பானையும் உடைந்தது. ஆறு நான்கு நாள் இறங்கவில்லை. குறிப்பில் இல்லாத நாலு நாள்.

திங்களன்று சர்தார் பாஷா தம் ஆட்களைக் கொண்டு காலி மண்ணெண்ணெய் டின்களைக் கட்டி மிதவை செய்து, வயதான மனுஷர், தாமும் அதில் ஏறிப் போனார். அருணகிரி நீந்தியே போனார். செல்லம்மாள் பிழைத்திருந்தாள். செசிலி சனிக்கிழமை பொழுது சாய்கிற நேரத்தில் போய்விட்டாள் என்று சொன்னாள். நனைந்த கட்டிலில் மார்ச்சளி கட்டியிருக்கிறது. தன் போர்வையைச் செல்லம்மாளுக்குக் கொடுத்திருக்கிறாள். வியாழன் மாலையிலிருந்து கதவருகே கட்டிலை இழுத்துப் போட்டுக்கொண்டு இந்தக் கரையையே பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

எந்த அம்மை என்று டாக்டரைக் கேட்டேன். நாலு நாள் மழையில் கிடந்த உடம்பைப் பார்த்து யாரால் சொல்ல முடியும் என்றார். இனி யாராலும் சொல்ல முடியாது.

எதையும் மறைக்கவில்லை.

மதலேனம்மாள்

*

13 ஜனவரி 1930

எலிசபெத்து,

நீ பதில் எழுதவில்லை. எழுதுவாய் என்று எதிர்பார்த்தும் நான் இதை எழுதவில்லை. இன்று என்ன தேதி என்று உனக்குத் தெரியும்.

கவுன்சிலில் அனுதாபத் தீர்மானம் போட்டார்கள். இக்கரையில் காரைக் கட்டடமாகப் புதிய நோயாளி விடுதி கட்டப்போகிறார்கள். அதற்குச் செசிலியின் பெயர் வைக்க வேண்டும் என்று சேர்மன் சொன்னார். வேண்டாம் என்று நான் ஒருத்திதான் எதிர்த்தேன். அந்தப் பெயரை நோய் வந்தவர்கள் எல்லாம் பயத்தோடு சொல்வார்கள். பிறகு என் ராஜினாமாக் கடிதத்தைக் கொடுத்தேன். சர்தார் பாஷா அதை மேஜைமேல் என் பக்கமே திருப்பி வைத்து, "அம்மா, நீங்க போய்ட்டா எங்கள யாரு கண்டிக்கிறது" என்றார். மறுபடி அவர் பக்கம் தள்ளிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

காலைப் பூசையில் இஞ்ஞாசிக்காகவும் வேண்டிக்கொண்டேன். நான் பார்த்திராத பிள்ளை.

உன் கணவர் எப்படி இருக்கிறார்?

மதலேனம்மாள்

*

2-2-30

அக்கா,

அவர் போன வியாழக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தார். மகள் பெயரைச் சொல்லி இருமுகிறார், இருமிவிட்டுச் சொல்கிறார். நீலப் புடவை பெட்டியில் இருக்கிறது. யாருக்குக் கொடுப்பது என்று தெரியவில்லை.

உன் கடிதத்தை இரண்டு மாசமாகத் தலைமாட்டில் வைத்திருக்கிறேன். டாக்டர் சொன்னதை எழுதினாய். பாய் சொன்னதை எழுதினாய். நீ பாய்க்குச் சொன்னதை எழுதினாய். அந்த வீட்டில் நாலு பேர் பேசினால் என் பெண்ணும் ஒருத்தி அக்கா. அவள் பேசாத பெண் இல்லை. திங்கட்கிழமை வண்டி ஏறினபோது அவள் என்ன சொன்னாள்? அதை மட்டும் நீ எழுதவில்லை.

இந்தக் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று எழுதினாயே. யார் வருவார்கள் என்று பார்த்தாள்? நீ என்ன சொல்லி அனுப்பினாய்?

இதற்குப் பதில் எழுது. பிறகு எழுத வேண்டாம்.

எலிசபெத்து

*

6 பிப்ரவரி 1930

எலிசபெத்து,

நீ கேட்டதற்குப் பதில்.

போகமாட்டேன் என்று அவள் சொல்லவில்லை. தலையை வாரிப் பின்னிக்கொண்டு, ஜெபமாலையையும் மாற்றுப் புடவை ஒன்றையும் எடுத்துக்கொண்டு, தானாகவே வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். வண்டிக்காரன் கயிற்றைக் கையில் எடுத்த பிறகுதான் கேட்டாள்.

"பெரியம்மா, நீங்களும் வர்றீங்களா?"

நோயாளியோடு வீட்டுப் பெண் ஒருத்தி தங்கலாம் என்று விதி இருக்கிறது. பிள்ளைகளைத் தனியே அனுப்ப மாட்டோம் என்று தாய்மார்கள் அழுததால் செசிலிதான் அதை என்னிடம் சொல்லிச் சேர்க்க வைத்தாள். எனக்குச் சிறு வயதிலேயே வைசூரி போட்டு இறங்கிவிட்டது. என் முகம் உனக்குத் தெரியும். நான் போயிருக்கலாம். எனக்கு எந்த அபாயமும் இல்லை.

வியாழக்கிழமை கவுன்சில் கூட்டம் இருக்கிறது, சாக்கடை வாய்க்கால் தீர்மானம் வருகிறது, அதை முடித்துவிட்டுச் சாயங்காலமே வந்துவிடுகிறேன் என்றேன்.

"சரி பெரியம்மா. வியாழக்கிழமை" என்றாள்.

அந்த வியாழக்கிழமை மழையில் யாரும் கூட்டத்துக்கு வரவில்லை. குடையைப் பிடித்துக்கொண்டு நான் ஒருத்தி போனேன். ஐந்து மணி வரை என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். கோரத்துக்கு வேண்டிய ஆள் சேரவில்லை, கூட்டம் நடக்கவில்லை என்று குமாஸ்தா எழுதிக்கொண்டு வந்தான். வாசித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். அங்கிருந்தே நேராக ஆற்றுக்குப் போனேன். ஊர் ஜனமெல்லாம் கரையில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது.

மதலேனம்மாள்